பூஜை போட்ட இரும்பு

செப்டம்பர் 8, திங்கள்

டிரம் கம்பெனியை இன்று மூடிவிட்டார்கள். காலை ஷிப்டுக்குப் போனவர்கள் கேட்டில் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு அங்கேயே நின்றிருக்கிறார்கள்.

கார்களுக்கு பிரேக் டிரம் வார்த்துக் கடைந்து கொடுத்த கம்பெனி. இத்தனை வருடம் குறிச்சிக்கே சோறு போட்டது என்று டீக்கடையில் ஒருவன் கண் கலங்கினான். சோறு போட்டது கம்பெனியா, உன் கையா என்று கேட்டேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நல்லதைச் சொன்னால் யாருக்கும் இனிப்பதில்லை.

நஷ்டம் என்று தாளில் போட்டிருக்கிறதாம். ஆடி மாதமே சர்வேயர் வந்து மதிலோரமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டதை நான் லாரியில் போகும்போது பார்த்தேன். தொழில் நடத்துகிறவன் மிஷினை அளப்பான். மூடப்போகிறவன் நிலத்தை அளப்பான். உள்ளே வேலை செய்த முந்நூறு பேரில் ஒருவன்கூட அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. வெள்ளைக் கோடு, இருபதடி நீளம்.

இந்த டைரியே அவர்கள் ஜனவரியில் கொடுத்ததுதான். அட்டையில் தங்க எழுத்து: 'என்றென்றும் உங்களோடு'. லாரி நம்பர் குறிக்க வைத்திருந்தேன். இனி இதையும் குறிக்கலாம்.

என் தங்கை நாகமணி அங்கே பத்தொன்பது வருடமாக டிரம்மைத் துடைத்து, எண்ணெய்த் தொட்டியில் முக்கி, பெட்டியில் அடுக்கியவள். புருஷன் இல்லை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். நாகமணி இன்றுவரை காண்ட்ராக்ட்தான். பத்தொன்பது வருடம் ஒருத்தி தற்காலிகமாக வேலை பார்த்தாள் என்றால் மாடுகூடச் சிரிக்கும். லேபர் ஆபீசர் சிரிக்கமாட்டார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. என் பழைய இரும்புக் கடைக்கு இரும்பை நனைத்துக் கொண்டுவந்தால் எடை கூடும் என்று நம்புகிற முட்டாள்கள் இரண்டு பேர் வந்தார்கள். காயவைத்துவிட்டு வரச் சொன்னேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டிருக்கிறார்கள். யூனியன் தலைவர் கிட்டுசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடமாட்டோம்" என்றார். போல்ட்டை விடாமலிருக்க உள்ளே இருக்க வேண்டும். இவர் வெளியே நிற்கிறார். இதைச் சொல்ல ஆளில்லை.

பந்தலுக்குள் நாற்காலிகளில் பர்மனென்ட் ஆண்கள். பந்தலுக்கு வெளியே, மதில் நிழலில், தரையில் காண்ட்ராக்ட் பெண்கள் முப்பத்தொரு பேர். போராட்டத்திலும் அவர்கள் காண்ட்ராக்ட்தான்.

நாகமணி என்னைப் பார்த்துவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அண்ணன் முறை மறந்துபோகும்.

"ஏனுங் இரும்புக்காரரே, பொணம் இன்னும் வேகவே இல்லீங்க. அதுக்குள்ள தராசோட வந்துட்டீங்களாக்கு?"

பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"தராசெல்லாம் இல்ல புள்ள. சாப்டயான்னு கேக்க வந்தேன்."

"நாங்க சாப்டமா இல்லையான்னு மொதலாளி வூட்ல போய்க் கேளுங்க. நீங்கதான அங்க போக வர இருக்கறவரு."

திரும்பி வந்துவிட்டேன். வழியில் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினேன். நிறைய வாங்கிவிட்டேன் போலிருக்கிறது. எனக்குச் சர்க்கரை என்பதால் டிரைவரிடம் கொடுத்து எங்காவது கொடுத்துவிடச் சொன்னேன்.

செப்டம்பர் 15, திங்கள்

சின்ன முதலாளி ஹரிபிரசாத் கூப்பிட்டு அனுப்பினார். ஆபீசில் ஃபேன் ஓடவில்லை. டெபாசிட்டைத் திரும்ப வாங்கலாம் என்று மூடிய வாரமே கரண்டை சரண்டர் செய்துவிட்டாராம். சொல்லும்போது அப்படி ஒரு பெருமை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

விஷயம் இதுதான். இடத்தை ஒரு வில்லா கட்டுகிறவனுக்கு விற்றாயிற்று. அக்டோபர் பத்தாம் தேதிக்குள் காலி செய்து கொடுக்க வேண்டும். தவறினால் அட்வான்ஸில் வெட்டு. மிஷின், மோட்டார், வார்ப்பு, கொட்டகைத் தூண் என்று மொத்தம் நானூறு டன் தேறும். கிரேனும் லாரியும் சொந்தமாக வைத்திருக்கிற வியாபாரி இந்தப் பக்கம் நான் ஒருவன்தான்.

"கிலோ முப்பத்தஞ்சு குடுங்கண்ணா."

"முப்பத்திரண்டுங்க."

"அப்பா காலத்துப் பழக்கம். ஒரு ரூபாயாவது ஏத்துங்க. நாலு லட்சம்தானே?"

"நாலு லட்சம்தானேன்னு சொல்றவரு கம்பெனிதானுங் மூடுது."

சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. முப்பத்திரண்டில் கை கொடுத்தோம்.

சைக்கிளில் தராசைக் கட்டிக்கொண்டு, பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று தெருத்தெருவாகக் கத்தியவன் நான். பேசிய விலைக்கு மேல் ஒரு பைசா ஏறியதில்லை. ஏறுகிறவன் தர்மகர்த்தா. வியாபாரி அல்ல.

செப்டம்பர் 19, வெள்ளி

யூனியன் கையெழுத்துப் போட்டுவிட்டது. பர்மனென்ட் ஆட்களுக்கு வருடத்துக்கு நாற்பது நாள் சம்பளம். காண்ட்ராக்ட் பெண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. மதியமே பந்தலைப் பிரித்துவிட்டார்கள். கொடியை மடித்துக் கிட்டுசாமி தன் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்தார். அளவு சரியாக இருந்தது.

டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"தலைவரே, அந்தப் பொம்பளைங்க?"

"அவங்க எங்க மெம்பர் இல்லீங்களே. காண்ட்ராக்டர்கிட்டத்தான் கேக்கோணும்."

"காண்ட்ராக்டர் யாரு?"

"சின்ன மொதலாளியோட மச்சாங்க."

"அப்பறம் போல்ட்டு?"

"எந்த போல்ட்டு?"

டீக்கு அவரே காசு கொடுத்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் முதல் முறை.

செப்டம்பர் 20, சனி

கடையில் பெரிய தார்ப்பாய் ஒன்றைக் காணவில்லை. வாட்ச்மேனைத் திட்டினேன். தேடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

முதல் லோடு எடுக்க கிரேனையும் இரண்டு லாரியையும் அனுப்பினேன். நானும் பின்னால் போனேன். கேட்டுக்குக் குறுக்கே முப்பத்தொரு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். மூலையில் என் கடைப் பெயர். இந்த நேரத்தில் அதைக் கேட்டால் அசிங்கம்.

கிரேன் டிரைவர் ஜமால் இருபது வருடமாக என்னிடம் இருக்கிறான். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பீடி பற்றவைத்தான்.

"ஜமாலு, ஹாரன் அடி."

"அடிச்சா எந்திரிப்பாங்களா மொதலாளி? உங்க தங்கச்சி உக்காந்திருக்கறதப் பாருங்க. கான்கிரீட் போட்ட மாதிரி இருக்குது."

நாகமணி எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கூவினாள்.

"பத்தொம்பது வருசம் எங்க கையில ஊறுன எண்ணெ இன்னும் போகல. எங்களுக்கு ஒரு வழி சொல்லிட்டு ஏத்தியுட்டுப் போங்க. இல்லாட்டி எங்க மேலயே ஏத்தியுட்டுப் போங்க. அதுக்கும் எடை போட்டுக் காசு குடுப்பீங்களா இரும்புக்காரரே?"

சின்ன முதலாளி போலீசுக்குப் போன் போட்டார். பெண் போலீஸ் எல்லாம் நவராத்திரி பந்தோபஸ்தில் இருக்கிறார்கள், பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. லாரியைத் திருப்பச் சொன்னேன். டீசல் நஷ்டம்.

ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மிஷின் உள்ளே இருக்கிறவரைதான் இந்தப் பெண்களுக்குப் பேச வாய் உண்டு. அது வெளியே போய்விட்டால் இவர்களுக்குச் சல்லிக்காசு வராது. கிட்டுசாமிக்குப் புரியாதது நாகமணிக்குப் புரிந்திருக்கிறது. எங்கள் அப்பன் அவளை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியிருக்கக் கூடாது. வக்கீலுக்குப் படித்திருந்தால் இன்றைக்கு என்னையே கோர்ட்டுக்கு இழுத்திருப்பாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

மும்பையிலிருந்து ஒரு ஆலோசகனை வரவழைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஆலோசனைக்கு அவன் வாங்குவதில் நான் ஒரு டன் இரும்பு வாங்கிவிடுவேன். கம்ப்யூட்டரில் காலண்டரைத் திறந்து அக்டோபர் ஒன்றையும் இரண்டையும் விரலால் தட்டினான். சின்ன முதலாளி தமிழில் சொன்னார்.

"ரெண்டு நாளும் கவர்மென்ட் லீவுண்ணா. கோர்ட் கிடையாது, லேபர் ஆபீஸ் கிடையாது. பண்டிகைக்கு அந்த லேடீஸும் வீட்டுக்குப் போயிருவாங்க. புதன்கிழமை பூஜைய முடிச்சிட்டு மத்தியானம் வந்துருங்க. ரெண்டு நாள்ல தூக்கிரலாம்."

ஒன்றாம் தேதி ஆயுத பூஜை. பூஜை போட்ட சாமானை, மறுநாள் விஜயதசமிக்கு மறுபூஜை போட்டு ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறவரை, இந்த ஊரில் ஸ்பானரைக்கூடத் தொடமாட்டார்கள். சின்ன முதலாளி ஊட்டியில் படித்து, அமெரிக்காவில் படித்து, பூஜையன்று போட்டோவுக்கு நின்றுவிட்டுப் பொரிப் பொட்டலத்தோடு காரில் ஏறிப் பழகியவர். பூஜை என்பது ஒரு மணி நேரச் சோலி என்று நினைத்திருக்கிறார்.

"சரிங்க" என்றேன்.

ஆலோசனைக்குக் காசு வாங்குகிறவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நான் எதற்கு இலவசமாகச் சொல்ல வேண்டும்?

செப்டம்பர் 30, செவ்வாய்

பூஜைக்குப் பொரி, கடலை, பூசணிக்காய் வாங்கியாயிற்று. பூசணிக்காய் விற்கிறவன் வருடத்தில் ஒரு நாள் அமைச்சரைப் போல நடந்துகொள்கிறான்.

சாப்பிடும்போது என் மனைவி தெய்வாத்தாளிடம் நாளை மத்தியானம் கம்பெனிக்கு கிரேன் போக வேண்டும் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு நாகமணிக்குப் பொரி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். தெய்வாத்தாளின் வாயில் எதுவும் நிற்காது. கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியும். சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புரை ஏறிவிட்டது.

அக்டோபர் 1, புதன், ஆயுத பூஜை

வழக்கமாகச் சாயங்காலம்தான் பூஜை போடுவேன். இந்த வருடம் விடியற்காலையிலேயே முடித்துவிட்டேன். நல்ல நேரம் அப்போதுதான் என்று காலண்டரில் இருந்தது. கிரேனுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். ஜமால்தான் தேங்காய் உடைத்தான். ஒவ்வொரு வருடமும் அவன்தான்.

பதினோரு மணிக்குச் சின்ன முதலாளி போன்.

"கெளம்பிட்டீங்களாண்ணா?"

ஜமாலைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டேன்.

"வண்டிய எடுக்கமாட்டனுங்" என்றான் ஜமால். "பூஜை போட்டாச்சு. நாளைக்கு மறுபூஜை போட்டாத்தான்."

"ஜமால் பாய், நீங்க முஸ்லிம்தானே? உங்களுக்கு என்ன?"

"சாமி அவங்களுதா இருக்கலாமுங். வண்டி என்னுது. அறுபதடி ஒசரத்துல இரும்பு தொங்கறப்ப கீழ நிக்கறவன் நானுங்."

நான் நடுவில் பேசவில்லை. அடுத்தவர் மத விஷயம். சின்ன முதலாளி போத்தனூரிலும் சுந்தராபுரத்திலும் வேறு கிரேனுக்குக் கேட்டுப் பார்த்திருக்கிறார். ஒருவன் பண்டிகை வாழ்த்துச் சொல்லிப் போனை வைத்தானாம்.

மத்தியானம் கம்பெனிப் பக்கம் போனேன். சும்மாதான். கேட்டில் கூட்டம். முப்பத்தொரு பெண்களும் பட்டுச்சேலையில், கையில் பொரித் தட்டோடு. காசு வாங்கிக்கொண்டு போன பர்மனென்ட் ஆட்களும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கிட்டுசாமி ஒரு பூசணிக்காயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வரிசையில் நின்றார். முன்னால் வர முகம் இல்லை. வராமலிருக்கவும் முடியவில்லை.

"எங்க மிஷினுக்குப் பொட்டு வெக்கோணும். கதவத் தெறங்க." அவ்வளவுதான் கேட்டார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. ஆலோசகன் ஜன்னல் வழியாகப் பார்த்து என்னவோ கேட்டான்.

அப்போது ஒரு பழைய கார் வந்து நின்றது. பெரிய முதலாளி சம்சாரம். புருஷன் இறந்த பிறகும் வருடா வருடம் இங்கே வந்து கற்பூரம் காட்டுகிறவர். கம்பெனி மூடினால் என்ன, பூஜை மூடவில்லையே என்று வந்திருக்கிறார். இறங்கியதும் மகனைப் பார்த்து ஒரே கேள்விதான்.

"உங்கப்பா வாங்குன மிஷினுக்கு இந்த வருசம் பொட்டு வெக்காம வுட்டா அந்தப் பாவம் ஆருக்குடா சேரும்?"

கேட் திறந்தது.

ஒவ்வொருவரும் அவரவர் மிஷினுக்குப் போனார்கள். யாரும் இடம் தேடவில்லை. நாகமணிக்கு மிஷின் கிடையாது. எண்ணெய்த் தொட்டி, அதை ஒட்டி டிரம்மைத் தள்ளிவிடுகிற ஒரு சின்ன கன்வேயர், ஒரு தகர மேஜை. மேஜையைத் துடைத்துச் சந்தனம் வைத்தாள். அந்த மேஜை பதினெட்டு கிலோ இருக்கும். தகரத்துக்கு விலையும் பாதிதான். அதற்குப் போய் இவ்வளவு பெரிய மாலை.

பூஜை முடிந்து பொரி கொடுத்தார்கள். ஆலோசகனுக்கும் ஒரு பொட்டலம். பிறகு பெண்கள் எல்லாரும் அவரவர் இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"விளக்க வுட்டுட்டுப் போகக் கூடாதுங்கம்மா. மறுபூஜை வரைக்கும் காவலிருக்கறோம்" என்றாள் நாகமணி.

"இருங்க" என்றார் அந்த அம்மா.

இதுவரை வெளியே உட்கார்ந்திருந்தவர்களை உள்ளே கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது மும்பை மூளை.

அக்டோபர் 2, வியாழன், விஜயதசமி

மறுபூஜைக்குச் சூடம் ஏற்றிவிட்டு நாகமணி கேட்டிருக்கிறாள்: "கரண்டு குடுங்க. ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும். ஓட்டாம எடுத்தா பூஜை முடிஞ்சதா ஆகாதுங்க."

கரண்டு எங்கே இருக்கிறது? டெபாசிட்டுக்காக வெட்டியாயிற்று. திரும்ப இணைப்புக் கேட்டால் வாரக்கணக்கில் ஆகும். ஓட்டாத மிஷினைத் தூக்கமாட்டேன் என்கிறான் ஜமால். மற்ற கிரேன்காரர்களும் அதையே சொல்கிறார்கள். மிச்சம் பிடித்தவரின் முகத்தைப் பார்க்க இன்று இரண்டு தடவை போனேன்.

அக்டோபர் 3, வெள்ளி

சின்ன முதலாளி வாடகை ஜெனரேட்டருக்கு அலைந்திருக்கிறார். பெண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு வந்து வம்பில் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று எல்லாரும் கழன்றுகொண்டார்கள். பத்தாம் தேதி நெருங்குகிறது. ஆலோசகன் ஊருக்குப் போய்விட்டான். பில் வந்துவிட்டதாம்.

போன வருடம் ஒரு மில்லை உடைத்தபோது வாங்கிய பெரிய ஜெனரேட்டர் என் ஷெட்டில் கிடக்கிறது. நன்றாக ஓடும். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 4, சனி

காலையில் கேட்டுவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அங்கிருந்து நேராக எண்ணெய்த் தொட்டிக்குப் போனேன். நாகமணி மேஜைக்கடியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எவ்வளவு கேக்கற?"

"வருசத்துக்குப் பத்தாயிரம். முப்பத்தொரு பேருக்கும்."

"எட்டு."

"கொறைக்கறதுக்கு நீங்க ஆருங்?"

"வியாபாரி. பத்துக் கேட்டா ஒண்ணும் வராது. எட்டுக் கேட்டா எட்டு வரும்."

"எழுதிக் குடுப்பாங்க. அப்பறம் காண்ட்ராக்டரக் கேளும்பாங்க. பாக்காததா?"

"எழுத்து வேண்டாம். அவுங்களுக்கு நான் குடுக்கற பணத்துல புடிச்சு உங்க கையில குடுத்தர்றேன். அதுக்கப்பறம்தான் லாரி நகரும்."

அவள் பக்கத்துப் பெண்களைப் பார்த்தாள். ஒருத்தி தலையை ஆட்டினாள். இன்னொருத்தி, "கேளு நாகு, இதுல இவுருக்கு என்ன வருதுன்னு கேளு" என்றாள்.

"உங்களுக்கு இதுல என்ன லாபம்ணா?"

"பத்தாந்தேதிக்குள்ள இரும்பு வெளிய வந்தா எனக்கு லாபம். வேற என்ன?"

"சித்த இருங்க." எழுந்து போய் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். "தார்ப்பாய்ங்ணா. நல்லா ஒணத்தி மடிச்சு வெச்சிருக்கறம். உங்க வாட்ச்மேன் கொண்டாந்து போட்டுட்டு, மொதலாளிக்குத் தெரியாதுன்னு நாலு வாட்டி சொன்னாரு. ஒருக்காச் சொல்லியிருந்தா நம்பியிருப்போம்."

வாட்ச்மேனுக்கு வேலையும் தெரியவில்லை, பொய்யும் தெரியவில்லை.

சாயங்காலம் சின்ன முதலாளி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். குதித்தார்.

"முப்பது லட்சம் போயிரும்ணா! நான் ஏன் குடுக்கணும்? சட்டத்துல எனக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்ல."

"சரிங்க. சட்டத்த விட்டே மிஷினத் தூக்கச் சொல்லுங்க."

உள்ளேயிருந்து அவருடைய அம்மா இருமுகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பிறகு என்னிடமே திரும்பினார்.

"அப்ப நீங்களும் கொஞ்சம் எறங்கி வாங்க. நான் மட்டும் சுமக்கணுமா?"

நான் என்ன சொன்னேன் என்பது இங்கே எழுதுகிற அளவுக்கு முக்கியமில்லை.

அக்டோபர் 6, திங்கள்

ஜெனரேட்டரை விட்டோம். கிட்டுசாமியும் மற்ற ஆட்களும், நாகமணி சொன்னால்தான் வருவோம் என்று காத்திருந்து, அவள் ஆளனுப்பியதும் வந்தார்கள். மிஷின் மிஷினாக ஒரு நிமிடம் ஓட்டி ஓட்டி நிறுத்தினார்கள். சத்தம் காதைக் கிழித்தது. இத்தனை நாள் சும்மா கிடந்ததில் பெல்ட்டெல்லாம் வீச் வீச்சென்று கத்தியது. கடைசியாக நாகமணியின் கன்வேயர். காலி கன்வேயர் ஓடுவதை முப்பத்தொரு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் வருவதற்கு ஒன்றும் இல்லை. நாகமணி பழக்கத்தில் கையை நீட்டி, எதையோ வாங்கப் போகிறவள் மாதிரி நின்றாள். பிறகு அவளே சுவிட்சை அணைத்தாள்.

அந்தத் தகர மேஜையை லாரியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தகரத்தால் லோடு கெடும். அவள் வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

முடிவானது: காண்ட்ராக்ட் பெண்கள் முப்பத்தொரு பேருக்கும் செய்த வருடம் ஒன்றுக்கு எட்டாயிரம், ரொக்கம், கேட்டில், என் கையால், முதல் லாரி நகருமுன். கம்பெனிக்கு நான் தர வேண்டியதில் அது கழியும். கிரேன், லாரி, டீசல், ஜெனரேட்டர் என் செலவு. எட்டாம் தேதிக்குள் இடம் காலி. இரும்பு நானூறு டன், கிலோ முப்பத்து மூன்று.